மருத்துவப் பதிவுகளைப் பகிரும் அதிகாரத்தை நோயாளியிடமே தரக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

பொருள்: மின்னணு மருத்துவப் பதிவுகளை யார், எதை, எவ்வளவு நாள் பார்க்கலாம் என்பதை நோயாளியே முடிவு செய்ய வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் கண் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "மனச்சோர்வு மாத்திரை இன்னும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் ஆறேழு பேர். அந்தச் சிகிச்சை முடிந்து பல வருடங்கள் ஆகின்றன. என் வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. திரை காட்டியது, அவர் கேட்டார். பதிவு செய்த அன்று படிக்காமல் நான் அழுத்திய ஒரேயொரு "சம்மதிக்கிறேன்" பட்டன்தான் என் பழைய கதை முழுவதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

கண் மருத்துவருக்கு என் சர்க்கரை அளவு தேவை, தருகிறேன். மனநலம், கருத்தரிப்பு, எச்ஐவி போன்ற பதிவுகளைத் தனித்தனியாகப் பூட்டி வைக்க வழி வேண்டும். கொடுக்கும் அனுமதியும் அந்தச் சிகிச்சை முடிந்ததும் தானாகக் காலாவதியாக வேண்டும். இடையில் மனம் மாறினால் ரத்து செய்யவும் முடிய வேண்டும். ஏற்கெனவே படித்தவரை மறக்கச் சொல்ல முடியாதுதான். இனிமேல் திறக்காமல் தடுக்கலாம் அல்லவா?

இது நடக்காத காரியம் இல்லை. எஸ்டோனியாவில் 2008 முதல் நாடு தழுவிய மருத்துவப் பதிவு முறை இயங்குகிறது. அங்கே தன் பதிவை யார் திறந்தார்கள் என்று நோயாளியே பார்க்கலாம், வேண்டாதவற்றை மூடியும் வைக்கலாம். பல நாடுகளில் மருத்துவமனைகள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஃபயர் (FHIR) என்ற தொழில்நுட்பத் தரத்திலும் சம்மதத்தைப் பதிவதற்கென்றே தனி வடிவம் உள்ளது.

பாதுகாப்பில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்து சாட்சி. 2020இல் அங்கே ஓர் உளவியல் சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடிய குறிப்புகளை வைத்து, நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். நோய் வரலாற்றை எப்படி மாற்றுவது?

அப்புறம், சம்மதத்தை உறுதி செய்யப் போனுக்கு வரும் ஓடிபி எண். ஒரே போனை வீடே பயன்படுத்தும் இடத்தில், மகளின் சம்மதத்தை அப்பா கொடுத்துவிடுகிறார். எனவே ஓடிபியை மட்டும் நம்பாமல் கூடுதல் அடையாளச் சோதனை வேண்டும். போனே இல்லாதவர்களுக்குக் காகிதப் படிவமும் இருக்கட்டும்.

மயங்கிக் கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது, சரி. அவசரத்தில் ஒவ்வாமை, இரத்த வகை, தற்போதைய மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் திறக்கட்டும். ஆனால் காரணத்தைப் பதிய வேண்டும், நோயாளிக்கும் பிறகு தகவல் போக வேண்டும்.

இதற்கெல்லாம் விதிமுறை வகுக்கக் காலம் ஆகலாம். அதுவரை, என் பதிவை யார், எப்போது திறந்தார்கள் என்ற பட்டியலையாவது நான் பார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நோயாளி