காசி மன்னர் தந்த கிணறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். லண்டனோடு முடிந்துவிட்டது. நம்மிடமிருந்து போன வைரத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். சரி, அது சொல்லவேண்டியதுதான். ஆனால் நம்மவர் ஒருவர் மனமுவந்து கொடுத்ததும் அந்த நாட்டில் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டுஷயரில், ஹென்லி நகருக்கு மேற்கே, சில்டர்ன் குன்றுகளின் மேல் ஸ்டோக் ரோ என்று ஒரு சின்ன ஊர். சுண்ணாம்புப் பாறை நிலம் என்பதால் மழைநீர் மேலே தங்காது. களிமண் குழிகளில் தேங்கிய அழுக்குத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு சிறுவன் தாயிடம் அடிவாங்கினான். அந்தப் பக்கத்துக்காரரான எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். 1831-இல் ஆசம்கர் பகுதியில் கிணறு வெட்ட உதவியவர். அவர் தன் ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைக் காசி மன்னர் ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொல்லியிருக்கிறார். மன்னர் மறக்கவில்லை. தன் செலவில் அந்த ஊருக்குக் கிணறு வெட்டித் தந்தார். 1863 மார்ச்சில் தொடங்கிய வேலை, 1864 மே 24 அன்று திறப்பு விழா.

ஆழம் 368 அடி, அகலம் 4 அடிதான். முழுக்கக் கையால் தோண்டியது. தலைமுறையாகக் கிணறு வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அதன் அருகில் நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. 4 அடிக்குள் கடப்பாரையை ஓங்கக்கூட இடம் இருக்காது. கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் போய்விடும், அப்புறம் மூச்சுக்காற்று. வெட்டிய மண் அத்தனையும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் மேலே வரவேண்டும். அதைத் தோண்டிய கூலியாட்களையும் நாம் நினைக்கவேண்டும்.

மேலே இரும்புக் குவிமாடம். வாளி இழுக்கும் இயந்திரத்தின் உச்சியில் பொன் பூசிய யானை. ஊர் மக்களுக்குத் தண்ணீர் இலவசமாகக் கிடைத்தது. பராமரிப்புச் செலவுக்காகப் பக்கத்திலேயே செர்ரித் தோட்டம் வைத்து, மன்னர் பெயரால் 'ஈஸ்ரீ பாக்' என்று அழைத்தார்கள். தர்மம் செய்தவர்கள் அது தொடர்ந்து நடக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது. 1964-இல் நடந்த நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தார். கிணற்றை இன்றும் பெயிண்ட் அடித்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது இந்த ஊருக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோர் நம்மில் நிறையப் பேர். ரெடிங் நகரிலிருந்து காரில் போனால் அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்