ஆண்டறிக்கை 2024–25: சனிக்கிழமை நட்பு வகுப்பு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கழிவுநீர், தண்ணீர் லாரி பற்றி நாம் கொடுத்த மனுக்களின் நிலவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே, நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் நம் படிப்பகத்தில் நடத்திய நட்பு வகுப்பைப் பற்றியே இங்கு அதிகம் சொல்லப்போகிறேன். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தால் போதாதா, நட்புக்கு எதற்கு வகுப்பு என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சின்ன வகுப்பில் காலையில் காய் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் பழம் விட்டுவிடுவார்கள். ஒன்பது, பத்து வயதில் செட்டு சேர ஆரம்பிக்கிறார்கள். சண்டை வாரக்கணக்கில் நீள்கிறது. ஒரு பிள்ளையை ஒதுக்குவதற்கென்றே மற்றவர்கள் ஒன்று கூடுகிறார்கள். மீன் வாடை என்பார்கள், நிறத்தைச் சொல்வார்கள், தமிழ் சரளமாக வராத பையனை 'இந்திக்காரன்' என்று தள்ளி நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகவே மனசு வராது, படிப்பும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் பிறர் நிலையை உணர்வதும் பிறரோடு பழகுவதும் உண்டு. கரையில் நின்று சொல்லி யாருக்கும் நீச்சல் வராது. 'ஒத்துமையா இருங்க' என்று அதட்டுவதும் அப்படித்தான். இறங்கிப் பழக வேண்டும்.

இதற்குக் கேரம் போர்டு நன்றாக உதவியது. நம் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதிலிருந்து அதைச் சுற்றி எப்போதும் கூட்டம். இடம் கிடைக்காத பிள்ளை காயினைக் கலைக்கும், இல்லையென்றால் 'போங்காட்டம்' என்று கத்தும். உடனே துரத்திவிடுவார்கள். அதனால் ஓர் ஆட்டத்துக்குள் எப்படிச் சேர்வது என்பதையே தனியாகப் பழக்கினோம். முதலில் பேசாமல் நின்று பார்ப்பது, நல்ல அடி விழுந்தால் 'சூப்பர்' என்பது, போர்டு முடிந்ததும் 'அடுத்த போர்டுக்கு நான் வரட்டுமா?' என்று கேட்பது. ஆடுகிறவர்களுக்கும் ஒரு விதி வைத்தோம்: இடமில்லை என்று சொன்னால், எப்போது கிடைக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் உயிர்த்தோழராக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, பாடத்தைப் பங்கு போட்டுப் படிக்கும் முறை. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றாக உட்கார்ந்தபோது மோதல் வந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் 1971இல் அங்கு கொண்டுவந்த முறை இது. ஒரு பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். ஒரே துண்டு கிடைத்தவர்கள் கூடிப் படித்துவிட்டு, அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லித்தர வேண்டும். கூட இருப்பவர் பேசுவதைக் கேட்காமல் முழுப்பாடமும் தெரியவே தெரியாது.

நாங்கள் காசிமேடு துறைமுகத்தையே பாடமாக எடுத்தோம். விசைப்படகு, வலை, ஐஸ், ஏலம், கருவாடு என்று ஐந்து துண்டு. பீகாரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு ஐஸ் விழுந்தது. அவன் அப்பாவுக்கு ஐஸ் பேக்டரியில்தான் வேலை. தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, உறையாத உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவைப்பார்கள், பிறகு டப்பாவைச் சாதாரணத் தண்ணீரில் முக்கினால் ஐஸ் பார் கழன்று வந்துவிடும் என்று பாதித் தமிழிலும் மீதி கையசைவிலுமாக விளக்கினான். 'உப்புத் தண்ணி ஏன்டா உறையல?' என்று கேட்டவன், வழக்கமாக அவனைப் பெரிதும் கிண்டல் செய்கிறவன். அப்புறம் ஒரு மணி நேரம் ஐஸ் பேச்சுதான். கிண்டல் அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர் வீடுகளில் கையில் காசு இருக்காது என்பது நமக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் தோழியின் பிறந்தநாளுக்குக் காசு போடாத ஒரு பெண்ணைக் 'கஞ்சம்' என்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெயர் சொல்லாமல் அதைச் சின்ன நாடகமாக நடிக்க வைத்தோம். அவள் ஏன் தரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் யோசிக்க வேண்டும். கடைசியில் 'கேட்டிருக்கலாம்ல அக்கா' என்றது ஒரு குழந்தை. பிறர் மனசைத் தானாகவே ஊகித்து முடிவு கட்டாமல், தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதைத்தான் பல வாரம் பழக்கினோம்.

பெரியவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதும் உண்டு. கையைப் பிடித்து இழுத்துவந்து 'சாரி சொல்லு' என்பதை வகுப்பில் நிறுத்திவிட்டோம். என்ன செய்தேன், அவனுக்கு என்ன ஆயிற்று, எப்படிச் சரிசெய்வேன் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். அதுவரை காத்திருப்போம். போட்டுக்கொடுப்பதும் உதவி கேட்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லித்தருகிறோம். ஒருவருக்கு அடி, ஆபத்து, பயம் என்றால் பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 படிப்பகச் சுவரில் எழுதப்பட்டுள்ளது. 'அடிச்சா திருப்பி அடிச்சிட்டு வா' என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறவர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: ஒரு சனிக்கிழமை வந்து பின்வரிசையில் உட்காருங்கள்.

குறைகளும் இருக்கின்றன. டியூஷன் நேரம் இடிப்பதால் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சொல்லித்தர வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். அப்பாக்களும் அண்ணன்களும் வந்தால்தான் பையன்களுக்கு இது தங்கள் விஷயம் என்று படும். வரும் ஆண்டில் குழுக்கள் சத்தமில்லாமல் படிக்க மாடி அறையை ஒழித்துத்தரவும், பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் இதே வகுப்பை நடத்த அனுமதி கேட்டுக் கடிதம் கொடுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வாராவாரம் வந்து நடத்திய கல்லூரி மாணவிகளுக்கும், பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துத் தந்த தாய்மார்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்