தோற்றுப்போன ஒரு மசோதா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விடுதலை வரலாறு என்றாலே சிறையும் மறியலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. சட்டசபையில் கணக்கு வழக்கோடு வாதாடிய மிதவாதிகளை, மனுப் போட்டவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். இது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

1911 மார்ச்சில் மிதவாதிகளின் தலைவர்களில் ஒருவரான கோபால கிருஷ்ண கோகலே கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா, 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்குப் பள்ளிக் கல்வியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கு வழங்கவும், மாதம் 10 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாதென விதிக்கவும் முனைந்தது. மறு ஆண்டே 38க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் அதைத் தோற்கடித்தார்கள். ஆங்கில அதிகாரிகளோடு நம் நாட்டு நிலப்பிரபுக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கசக்கிறது.

கோகலேவுக்குப் பின் அவர் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைமையேற்றவர் நம் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி. அன்று நிராகரிக்கப்பட்ட கோரிக்கை 2002இல் அரசியலமைப்பின் 86ஆவது திருத்தமாகவும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டமாகவும் உருப்பெற்றது. பள்ளி வரலாற்றுப் பாடநூல்களில் இந்த மசோதாவுக்கும் அதன் மீதான விவாதத்துக்கும் ஒரு தனிப் பாடமேனும் ஒதுக்குமாறு பாடநூல் குழுவினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்