கோங்க் ஊரில் ஓர் இரவு தங்கவிடுங்கள்

ஐரோப்பியச் சுற்றுலா நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸ் என்றால் பாரிஸ், ஈஃபிள் கோபுரம், சேன் நதியில் படகு, மறுநாள் சுவிட்சர்லாந்துக்குப் பேருந்து. உங்கள் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகின்றன. தெற்கே அவேரோன் மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கும் கோங்க் என்ற சிற்றூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மதியம் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும் இடமாக வேண்டாம்.

இந்த ஊர் புகழ்பெற்றதே ஒரு திருட்டால்தான். 9ஆம் நூற்றாண்டில் ஆஜான் நகரிலிருந்து கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்ட புனித ஃபுவா என்ற சிறுமியின் எலும்புகளை இவ்வூர்த் துறவி ஒருவர் ரகசியமாக எடுத்து வந்தார். அப்புறம் ஸ்பெயினின் சாந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் வழியில் இங்கே கும்பிட்டுப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் வரவால் வளர்ந்ததுதான் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய தேவாலயம். அதன் வாசலுக்கு மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி, 124 உருவங்களோடு. நரகப் பகுதியில் முயல் முகம் கொண்ட பேய் ஒன்று ஒரு மனிதனைத் தீயில் வாட்டுகிறது. திருட்டு வேட்டை ஆடியவனாம். வளைவின் விளிம்பில் குட்டி முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. இவற்றை அண்ணாந்து தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் வேண்டும்.

புனிதையின் பொற்சிலை இன்றும் அங்கே இருப்பதற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம். பிரெஞ்சுப் புரட்சியின்போது பொன்னும் வெள்ளியும் பறிபோகும் என்று தெரிந்து, தேவாலயத்துப் பொக்கிஷங்களை அவர்கள் பங்குபோட்டு வீடுகளில் ஒளித்துவைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்தார்கள். எளிய மலைக் கிராமத்து மக்கள் அவர்கள்! அந்தச் சந்துகளில் நடக்கும்போது வழிகாட்டி முதலில் சொல்லவேண்டிய கதை இதுதான்.

சரி, இரவு தங்க ஏன் சொல்கிறேன்? தேவாலயத்துச் சன்னல் கண்ணாடிகள் 104க்கும் வடிவம் தந்தவர் பக்கத்து ரோதே நகரில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜ். 1994இல் அந்த வேலை முடிந்தது. அவற்றில் படமும் இல்லை, வண்ணமும் இல்லை. வெளியே பார்க்க முடியாத, ஒளியை மட்டும் உள்ளே விடும் வெள்ளைக் கண்ணாடி. காலையில் நீலம் பூசியதுபோல இருப்பது மாலையில் பொன்னிறமாகிறது. ஒரு மணி நேரத்தில் பார்த்துத் திரும்புபவருக்கு இது எப்படித் தெரியும்? கோடையில் இரவு வழிபாடு முடிந்ததும் துறவி ஒருவர் வாசலில் நின்று சிற்பங்களை விளக்குவார். பிறகு உள்ளே ஆர்கன் இசை. பகல் பேருந்துகள் கிளம்பிய பிறகு நடப்பவை இவை.

பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். தங்கும் அறைகள் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கற்பாதைகள் செங்குத்தானவை. மூட்டுவலி உள்ள பெரியவர்களிடம் இதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பயணம் விரும்பும் ஒருவர்