புராஜெக்டுக்கு முன்னால் கடைக்குப் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இறுதியாண்டு புராஜெக்ட் நேரம் இது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் சொந்தமாக எழுதிய விர்ச்சுவல் மெஷினை, அதாவது கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடத்தும் மென்பொருள் கணினியை, கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆப்கோடுக்கு (ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய குறியீட்டு எண்) எத்தனை பிட், முழு எண்ணுக்கு எத்தனை பிட் என்றால் "8, 32" என்று உடனே சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

நானும் அப்படித்தான் எழுதினேன், கோயம்பேட்டில் ஒரு மொத்த வியாபாரியின் பில்லிங் மெஷினுக்கு. மெமரி 64 கேபிதான். ஒரு பைட் ஆப்கோடில் 256 கட்டளைகள் அடங்கும். எனக்கு 43 போதும். அது சரியான முடிவு. தொகைகளைப் பைசாவாக்கி 32 பிட்டில் வைத்ததுதான் தவறு. மைனஸுக்கும் இடம் விட்டால் அதில் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647. பைசா என்பதால் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாயோடு சரி.

நாளுக்கு முக்கால் லட்சம் புரளும் கடை. ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக் கணக்கு, கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கும் பொங்கல் வாரத்தில் அந்த எல்லையைத் தாண்டி மைனஸ் எண்ணாகப் புரண்டது. "தம்பி, வருஷ மொத்தத்துக்கு முன்னாடி ஒரு கோடு விழுந்திருக்கே" என்று வியாபாரி பில்லை நீட்டினார். அன்று ராத்திரி இருவரும் பழைய ரோல்களைப் பிரித்து வைத்துக் கையால் கூட்டினோம். ஏப்ரல் மாத ரோல்களில் எழுத்து மங்கிப்போய், டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கட்டளைக்குள் எண்ணை எழுதிவைக்கும் அளவு வேறு, கணக்குப் போடும் அளவு வேறு. ஜாவா மொழியின் விர்ச்சுவல் மெஷினில் -128 முதல் 127 வரையுள்ள எண் ஆப்கோடுக்கு அடுத்த ஒரே பைட்டில் உட்காரும். கணக்குப் போட எண்களை அடுக்கும் ஸ்டாக்கில் ஏறும்போது 32 பிட்டாக விரியும். பைட்டுக்கென்று தனிக் கூட்டல் கட்டளை அங்கே கிடையாது. இன்ட், லாங் (32, 64 பிட் முழு எண்கள்), ஃப்ளோட், டபுள் (32, 64 பிட் தசம எண்கள்) நான்குக்கும்தான் உண்டு. புதிதாக ஓர் எண் அளவைச் சேர்த்தால் கூட்டல், கழித்தல், ஒப்பீடு என்று அதற்கும் ஆப்கோடு ஒதுக்க வேண்டும் என்பதால் இந்தச் சிக்கனம். லூவா என்ற நிரல் மொழி 2015-இல் முழு எண்ணையே 64 பிட்டாக வைத்துக்கொண்டது.

அப்புறம் என் மெஷினில் எட்டு மொத்தத் தொகைகளை மட்டும் 64 பிட்டுக்கு மாற்றினேன். தொகைகளுக்குக் கூடுதலாக 32 பைட், மூன்று ஆப்கோடு. அவ்வளவுதான் செலவு.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு புராஜெக்டை ஏற்கும் முன், மாணவரை ஒரு கடைக்கு அனுப்பி, அங்கே ஓர் ஆண்டில் சேரும் மிகப் பெரிய தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

வாசகர்,
சூளைமேடு, சென்னை