மாத்திரையோடு இரண்டு கிழமைகளையும் எழுதிக் கொடுங்கள்

நீலகிரி மாவட்டச் சுகாதாரத் துறையினருக்கும், மக்களைத் தேடி மருத்துவம் குழுவினருக்கும் வணக்கம்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்க ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் படியேறிப் போகிறீர்கள். அங்குள்ள பெரியவர்களுக்கு “தினமும் நடங்க” என்பதோடு நம் அறிவுரை நின்றுவிடுகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதாது. நடையோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

“காலமெல்லாம் மேடேறிக் கொழுந்து பறித்த உடம்புக்கு இது எதற்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தோட்ட வேலை நின்றதும் அந்த வலுவும் கரையத் தொடங்கிவிடும். முதலில் தெரிவது இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது தளர்ந்தால் முழங்கால் மடங்கி ஆள் விழுவார்.

வலுவூட்டும் பயிற்சிக்குச் செவ்வாய், வெள்ளி என்று கிழமை குறித்துக் கொடுங்கள். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள் வேலை கொடுக்கக் கூடாது, 48 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். ஆர்வத்தில் தினமும் செய்பவர்தான் மூட்டு வலி என்று பத்தே நாளில் விட்டுவிடுகிறார்.

முக்கியமானது நாற்காலிப் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில் வழுக்கும், சுவரை ஒட்டிப் போடச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக இறங்க வேண்டும். இறக்கத்துக்கான வலு அந்த மெதுவில்தான் இருக்கிறது. எழ முடியாதவர்களுக்கு இருக்கைமேல் கம்பளியை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், 1 கிலோ அரிசி போட்ட துணிப்பையை இடுப்புவரை இழுத்தல். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு.

கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருந்தால்தான் பலன். 15 தடவையும் சுலபமாகிவிட்டால் பையில் அரை கிலோ கூட்ட வேண்டும். ஆண்டு முழுக்க அதே எடையைத் தூக்குவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியேறும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.

குளிரில் விறைத்த உடம்போடு விடியற்காலையில் தொடங்குவதும் வேண்டாம். வெயில் ஏறியபின், ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடந்துவிட்டுத் தொடங்கட்டும். மழையிலும் மூடுபனியிலும் நடை நின்றுபோகும். இந்தப் பயிற்சிக்கோ வீட்டுக்குள் நாலடி இடம் போதும்.

சாப்பாட்டையும் கேளுங்கள். சாயங்காலம் டீயும் வர்க்கியும் மட்டுமென்றால் தசை வளராது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. அவித்த அவரையோ முட்டையோ சேர்க்கட்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு.

உங்களிடம் கேட்பது இரண்டு. மாத்திரை அட்டையில் பயிற்சிக்கு ஒரு கட்டம் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கையூன்றாமல் 30 நொடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணி, பிரஷர் அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தவரின் வீட்டுக்கு, அவர் விழுவதற்கு முன்பே குழுவின் பிசியோதெரபிஸ்டை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்டுகள் சிலர்