பக்கத்து இடம் மனையா பிரியுதாம்

டேய் கண்ணா,

நேத்து போன்ல நீ கத்தினதுல எனக்கு பாதிதான் புரிஞ்சுது, அதான் உக்காந்து எழுதுறேன். பக்கத்து வீட்டுக்காரர் அவர் இடத்த 6 மனையா பிரிக்கிறார், பிளான் பாஸ் பண்ற ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு, எப்படிம்மா நிறுத்துறதுன்னு கேட்ட. நிறுத்துற நெனப்ப முதல்ல விடு. அவர் இடம், அவர் பிரிக்கிறார். காத்து வந்துச்சு, பாக்க நல்லா இருந்துச்சு, இனிமே கூட்டமாயிடும்னு மனு எழுதினா அதுக்கு மதிப்பே இருக்காது. உன் இடத்துக்கு என்ன ஆகுதுங்கறத மட்டும் பிடி.

நோட்டீஸ்ல ஆட்சேபணைக்கு கடைசி தேதி போட்டிருப்பாங்க. அது தாண்டிட்டா உன் பக்கம் நியாயம் இருந்தாலும் கேக்க ஆள் இருக்காது. வெக்கப்படாம அந்த ஆபீஸுக்குப் போய் பிளான காட்டச் சொல்லு, காப்பி குடுத்தா வாங்கிக்க, உன் பத்திரத்துல இருக்கற அளவோட வச்சு நாலு பக்கமும் பாரு. உன் வேலி இருக்கற இடம்தான் எல்லைன்னு நினைச்சுக்காத, பல இடத்துல ரெண்டும் வேற வேறயா இருக்கும். அளவு ஒத்துப்போகலேன்னா நீயும் ஒரு சர்வேயர வச்சு அள. பிளான் பாஸ் ஆயிட்டா உன் மண்ணு அவருக்குப் போயிடாது, யாரு சொந்தக்காரன்னு தீர்ப்பு சொல்றது கோர்ட் வேலை, ஆனா மனையெல்லாம் வித்துப்போச்சுன்னா இன்னிக்கு ஒருத்தர்கிட்ட பேசி முடியறத அப்புறம் 6 பேர்கிட்ட பேசணும்.

எனக்கு நிஜமா கவலை அந்த வழிதான். உன் இடத்து ஓரமா அவர் போய் வர்றாரே, அது. பத்திரத்துல என்ன எழுதிருக்குன்னு எழுத்தெண்ணிப் படி, நடந்து போக வரன்னு இருந்தா வேற, வண்டி போக்குவரத்துக்குன்னு இருந்தா வேற. வழி உரிமை இடத்தோட ஒட்டினது, பிரிச்சு வித்தா வாங்கினவங்களும் கேப்பாங்க. ஆனா ஒரு வீட்டுக்குன்னு விட்ட வழிய 6 வீட்டு காரும் லாரியும் போற ரோடா மாத்தி உன் தலையில சுமைய ஏத்த முடியாதுன்னு நீ வாதாடலாம். பின்னாடி இன்னொரு இடத்த வாங்கிப்போட்டு அதுக்கும் இதே வழின்னு வந்தா ஒத்துக்கவே ஒத்துக்காத, எந்த இடத்துக்குன்னு விட்டதோ அதுக்குத்தான் வழி. அதே மாதிரி உன் குழாய் எதாவது அவர் இடத்துக்கு அடியில போனா அது பிளான்ல குறிச்சிருக்கான்னு பாரு. சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அங்க ஒரு வக்கீல்கிட்ட பத்திரத்த காட்டிடு.

அப்புறம் தண்ணி. நம்ம பக்கத்துல பிரிச்சப்போ நானும் உங்கப்பாவும் எல்லைக்கல்ல மட்டும் பாத்துட்டு சரி சரின்னு கையெழுத்து போட்டோம். அவங்க மண்ணு கொட்டி மேடாக்கிட்டாங்க, அடுத்த மழைக்கு நம்ம பின்வாசல் குளம், நீ காகிதக் கப்பல் விட்டுட்டிருந்த, நான் பக்கெட்டோட நின்னேன். அதனால எவ்வளவு உயரம் ஏத்துறாங்க, மழைத்தண்ணி எங்க போகுதுன்னு எழுத்துல கேளு. தானா சரிவுல வர்ற தண்ணி வேற, குழாய் போட்டு உன் பக்கம் திருப்பறது வேற. உன் சுவர் ஓரமா தோண்டுவாங்களான்னும் கேளு, இப்பவே சுவர், தரை எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து வை.

அவரோட சண்டை போடாத, பேசு. வடிகால் போட்டுத் தர்றேன், வேலி கட்டித் தர்றேன்னு சொன்னா சந்தோஷம், ஆனா அது எழுத்துல வந்து புதுசா வாங்கறவங்களையும் கட்டுப்படுத்தற மாதிரி பதிவாகணும், வாய்ப்பேச்சு மனை வித்ததோட போயிடும். சும்மா ஒரு நோ அப்ஜெக்‌ஷன்தான் தம்பின்னு பேப்பர் நீட்டினா எனக்கு காட்டாம கையெழுத்து போட்டுடாத.

நோட்டீஸையும் பத்திரத்துல வழி பத்தி இருக்கற பக்கத்தையும் போட்டோ எடுத்து இன்னிக்கே அனுப்பு. உங்கப்பா இப்பவே கண்ணாடிய தேட ஆரம்பிச்சுட்டார்.

அம்மா